பெர்லினுக்குப் படிக்கப் போகிறீர்களா? முதல் சில வாரங்களில் எதை முதலில், எதை அடுத்துச் செய்வது

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுவரை நம் ஊர் மாணவர்கள் இங்கே வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பத்து நாள் கழித்து "ஊர் எப்படி இருக்கு?" என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும்: "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா ஒரு வேலையும் நடக்கல. யாரும் முகம் கொடுத்துப் பேசறதும் இல்ல."

வேலை நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் வரிசை மாறுவதுதான். இங்கே ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். முகவரி பதிவாகாமல் வரி எண் வராது, வங்கிக் கணக்கு இல்லாமல் மாதப் பணம் வராது. ஒன்று சிக்கினால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். கையில் காசில்லாமல், தங்குமிடம் உறுதியில்லாமல் பார்த்தால் எந்த ஊரும் இறுக்கமாகத்தான் தெரியும். அதனால் முதலில் வரிசை, அப்புறம் ஊர்.

1. விமானம் ஏறும் முன்: பதிவு செய்யக்கூடிய முகவரி

அறை கிடைத்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே அன்மெல்டுங் செய்ய முடியுமா?" என்பதுதான். அன்மெல்டுங் என்றால் முகவரிப் பதிவு. எல்லாக் காகிதங்களும் இதில் தொங்குகின்றன. பதிவுக்கு இடம் கொடுக்காத அறை வாடகை குறைவாகவே இருந்தாலும் முதல் அறையாக எடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நீங்கள் இன்ன தேதியில் இங்கே குடிவந்தீர்கள் என்பதற்கான உறுதி அது. வாடகை ஒப்பந்தம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துப் போனவர்களை அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் வேறொரு வாடகைதாரரிடமிருந்து ஓர் அறையை எடுக்கிறீர்கள் என்றால் அவரே இந்தக் கடிதத்தைத் தரலாம். "தருவீர்களா?" என்று ஊரிலிருந்தே எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையில் இரண்டு வகை சொல்வார்கள். 'கால்ட்' என்பது அறைக்கு மட்டும்; 'வார்ம்' என்பது வெந்நீர், சூடேற்றி, குப்பை போன்ற செலவுகளும் சேர்ந்தது. உங்கள் கணக்குக்கு வேண்டியது வார்ம் தொகை. முன்பணம் கால்ட் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் போகச் சட்டம் இடம் தராது. அறையை நேரிலோ வீடியோவிலோ காட்டாமல், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகவரி உறுதியான உடனே, ஊரில் இருக்கும்போதே, முகவரிப் பதிவு நடக்கும் பியூர்கர்அம்ட் அலுவலகத்தில் நேரம் பதிவு செய்யுங்கள். பெர்லினில் எந்தப் பகுதியில் குடியிருந்தாலும் நகரத்தின் எந்தப் பியூர்கர்அம்டுக்கும் போகலாம். வீட்டுப் பக்கத்து அலுவலகத்தில் மட்டும் தேடுவதால்தான் பலருக்கும் நேரம் கிடைப்பதில்லை. மொத்த நகரத்தையும் தேர்வு செய்து, காலையில் பாருங்கள்.

2. கைப்பையில் என்ன, பெட்டியில் என்ன

பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், அசல் சான்றிதழ்கள், அவற்றைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், காப்பீட்டுக் காகிதம், முடக்கக் கணக்கின் (விசாவுக்காகப் பணம் போட்டு வைக்கும் கணக்கு) உறுதிக் கடிதம், அறை ஒப்பந்தம் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அடுத்த வேலை நிற்காது.

வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு ஒன்று, கொஞ்சம் ரொக்க யூரோ, இரண்டும் வேண்டும். சின்னக் கடைகளில் இன்னும் ரொக்கம் மட்டுமே வாங்குகிறவர்கள் உண்டு. முதல் மாதச் செலவும் அறை முன்பணமும் முடக்கக் கணக்கிலிருந்து உடனே வந்துவிடாது. அந்தத் தொகையைத் தனியாக ஏற்பாடு செய்துகொண்டு ஏறுங்கள்.

அம்மா கட்டிக்கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக்கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் வரும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை போன்றவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. பொடி வகைகள், புளி, பருப்பு தாராளமாகக் கொண்டுவரலாம். குக்கர் வாங்கும்போது அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இண்டக்ஷன் அடுப்பில் அது சூடாகாது. அலுமினியக் குக்கரைச் சுமந்து வந்து மூலையில் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு விடுதியிலும் இருக்கிறார்கள்.

3. இறங்கும் நாள்

முடிந்தவரை வாரநாளில், பகலில் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையிலும் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், அன்றும் விடுமுறை. புது மாணவர்கள் அதிகம் வருகிற வாரமும் அதுதான். காலி அறையில், பால்கூட இல்லாமல் முதல் நாள் விடிந்தால் மனசு விட்டுப்போகும். அப்படி மாட்டிக்கொண்டால் ஹவுப்ட்பான்ஹோஃப் எனப்படும் தலைமை ரயில் நிலையத்துக்குப் போங்கள். அதற்குள் ஞாயிறிலும் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் உண்டு.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் வர வேண்டிய டிக்கெட், ஏபிசி மூன்று மண்டலங்களுக்கானது. நகரம் ஏ, பி மண்டலங்களில் இருக்கிறது. விமான நிலையம் சி மண்டலத்தில். இயந்திரத்தில் முதலில் கண்ணில் படுவது ஏபி டிக்கெட் என்பதால் பலரும் அதையே எடுத்துவிடுவார்கள்.

அடுத்த தவறு முத்திரை. இங்கே ரயில் நிலையத்தில் கதவோ தடுப்போ கிடையாது, நேராக நடந்து ஏறிவிடலாம். காகித டிக்கெட்டை நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டிக்குள் நுழைத்துத் தேதி, நேரம் அச்சடித்தால்தான் அது செல்லும். செயலியில் வாங்கினால் முத்திரை தேவையில்லை, ஆனால் ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பரிசோதகர் சாதாரண உடையிலும் வருவார். அபராதம் 60 யூரோ. "இன்றைக்குத்தான் வந்தேன்" என்பது அங்கே எடுபடாது.

4. தபால் பெட்டியில் பெயர்

இது இவ்வளவு சின்ன வேலையாக இருப்பதால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது இது.

இங்கே முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கிக் கார்டு, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபாலில்தான் வரும். வேலைகள் வாரக்கணக்கில் இழுப்பதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அலுவலகங்கள் உங்களை அந்தப் பெயரால்தான் அழைக்கும், கடிதமும் அதற்கே வரும். பெட்டியில் 'கவிதா' என்று மட்டும் எழுதி ஒட்டினால், 'திருமதி முருகேசன்' என்று வரும் கடிதம் உங்களுடையது என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரையும் எழுதுங்கள். தபால் பெட்டி, அழைப்பு மணி இரண்டிலும் ஒட்டுங்கள். அப்பா பெயரால் கூப்பிட்டால் வரிசையில் நிற்கும் நீங்கள் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

வரும் கடிதங்களில் மஞ்சள் உறையில் வருவதை உடனே பிரியுங்கள். அந்த உறையின்மீது தபால்காரர் ஒரு தேதி எழுதியிருப்பார். பதில் தர வேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. உறையையும் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு வைத்திருங்கள்.

5. முகவரிப் பதிவு

குடிவந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்குள் நேரம் கிடைக்காவிட்டால், முன்பதிவு செய்த உறுதிச்சீட்டை வைத்திருங்கள். நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பாஸ்போர்ட், வீட்டுக்காரரின் கடிதம், நிரப்பிய படிவம் மூன்றும் எடுத்துப் போங்கள். பத்து நிமிட வேலை. முடிந்ததும் தரும் காகிதத்தில் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அந்த மேசையிலேயே பாருங்கள். இங்கே விழும் ஓர் எழுத்துப் பிழை வங்கி, காப்பீடு, வரி என்று எல்லா இடத்துக்கும் போகும். அப்புறம் ஒவ்வோர் இடமாகத் திருத்த வேண்டியிருக்கும்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால், பின்னாளில் வருமான வரி கட்டும்போது அதோடு சபை வரியும் சேரும். பெர்லினில் அது வருமான வரித் தொகையில் 9 சதவீதம். சேர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தெரிந்து எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

பதிவுக்குச் சில வாரம் கழித்து 11 இலக்க வரி எண் தபாலில் வரும். பகுதிநேர வேலைக்கு அதைக் கேட்பார்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான கடிதமும் பின்னாலேயே வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. பகிர்ந்து தங்கும் வீடென்றால் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணை வாங்கிப் பதில் அனுப்பினால் போதும். வீட்டில் டிவி இல்லை என்று கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். டிவி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்தக் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை.

6. காப்பீடு, பிறகு பல்கலைக்கழகச் சேர்க்கை

சேர்க்கையை முடிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் காப்பீட்டு நிலை தெரிய வேண்டும். அதைப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் மின்னணு முறையில் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். நீங்கள் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவதால் வேலை ஆகாது. "என் பல்கலைக்கழகத்துக்கு அறிவிப்பு அனுப்புங்கள்" என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. சில தனியார் திட்டங்கள் விலை குறைவாக ஆசை காட்டும். அதில் சேரப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும், அந்த விலக்கைப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. இருபது, முப்பது யூரோ மிச்சத்துக்காக அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு, வந்து சேர்ந்த முதல் சில நாள்களுக்கு மட்டும்தான்.

7. வங்கிக் கணக்கும் முடக்கக் கணக்கும்

விசாவுக்காக நீங்கள் போட்ட 11,904 யூரோ மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். வருவதற்கு இங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். முடக்கக் கணக்கைத் திறந்துவிட பெரும்பாலும் முகவரிப் பதிவுக் காகிதமும் கேட்பார்கள். எனவே பதிவு, கணக்கு, திறப்பு என்பதுதான் வரிசை. திறப்பதற்கான விண்ணப்பத்தைக் கணக்கு எண் வந்த அன்றே அனுப்புங்கள்.

8. விசா தேதியைக் குறித்து வையுங்கள்

கையில் இருக்கும் விசா சில மாதங்களுக்கு மட்டும். அது முடியும் முன் பெர்லின் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முகவரி, காப்பீடு, சேர்க்கை மூன்றும் முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று டிசம்பர்வரை விட்டால் விடுமுறையில் அலுவலகமும் இருக்காது, ஆவணம் தருகிறவர்களும் இருக்க மாட்டார்கள். விண்ணப்பித்ததற்கான உறுதியை அச்சிட்டு வைத்திருங்கள்.

9. ஊரைப் படிப்பது

காகித வேலை ஓடத் தொடங்கிய பிறகு சுற்றிப் பார்க்க மனம் வரும். "யாரும் முகம் கொடுக்கல" என்ற மனக்குறை இங்கேதான் பிறக்கிறது.

ஊ-பான் எனப்படும் சுரங்க ரயிலில் ஏறிப் பாருங்கள். பெட்டி நிறைய ஆள் இருப்பார்கள், பேச்சு இருக்காது. நம் ஊரில் அவ்வளவு பேர் வாய்திறக்காமல் இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே அது பக்கத்தில் இருப்பவருக்குத் தரும் மரியாதை. அந்த அமைதியில் வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டுச் சத்தமாகப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை உங்கள் நிறத்தைப் பார்த்தது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். நிறத்தை வைத்து நடத்துகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது நேர்ந்தால் சும்மா விடாமல் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவில் சொல்லுங்கள். ஆனால் முதல் மாதத்தில் மனசைக் காயப்படுத்துவதில் பெரும்பகுதி சத்தம், இடைவெளி, நேரம் பற்றிய பழக்கங்கள்தான்.

சூப்பர் மார்க்கெட் கல்லாவில் புதியவர்கள் தடுமாறுவதைத் தினமும் பார்க்கலாம். பட்டையில் உங்கள் பொருள்களை அடுக்கிவிட்டு, பின்னால் வருபவருக்காக ஒரு தடுப்புக்கட்டையை வைக்க வேண்டும். கல்லாவில் இருப்பவர் ஸ்கேன் செய்யும் வேகத்துக்குப் பொருள்கள் மறுபக்கம் வந்து குவியும், அங்கே நின்று பையில் அடுக்க இடமே இருக்காது. எல்லாவற்றையும் தள்ளுவண்டிக்குள் வாரிப் போட்டு, காசு கொடுத்து, சன்னல் ஓரமாக இருக்கும் பலகையில் வைத்து நிதானமாக அடுக்குங்கள். அவர் உங்களை விரட்டவில்லை, வரிசையை நகர்த்துகிறார். "ஹலோ" என்று தொடங்கி "ஷேனன் டாக்" (நல்ல நாளாக இருக்கட்டும்) என்று முடித்தால் அவரும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார். இந்த இரண்டு சொல்லையும் முதல் நாளே பழகுங்கள். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஹலோ சொல்ல வேண்டும். சொல்லாமல் தலைகுனிந்து போனால், முகம் கொடுக்காதவர் என்று அவர் உங்களை நினைப்பார்.

தண்ணீர் பாட்டிலின் விலையில் 25 சென்ட் முன்பணம் சேர்ந்திருக்கும். காலி பாட்டிலை நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டு, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். நடைபாதையில் வேறு நிறத்தில் இருக்கும் பட்டை சைக்கிளுக்கானது. அதில் நின்று போனைப் பார்க்காதீர்கள், சைக்கிள்கள் வேகமாக வரும். வாகனமே இல்லாத தெருவிலும் சிவப்பு மனிதன் எரிந்தால் நில்லுங்கள், முக்கியமாகப் பக்கத்தில் குழந்தை நிற்கும்போது.

10. சமையலறையும் பக்கத்து வீடும்

இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரையும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். மிக்ஸி, துளையிடும் கருவி, சத்தமான பாட்டு எதுவும் கூடாது. சட்னியைச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுங்கள்.

தாளிக்கும்போது கதவைச் சாத்தி, சன்னலை முழுதாகத் திறவுங்கள். குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து பத்து நிமிடம் முழுவதும் திறந்து மூட வேண்டும். குக்கர் ஆவியும் துணி உலர்த்தும் ஈரமும் சுவரில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். சன்னலைச் சாய்வாக நாளெல்லாம் திறந்து வைத்தால் ஈரம் போகாது, அறைதான் குளிரும்.

வெளியே போகும்போது சாவியை எடுத்தேனா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பல வீடுகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியே பிடி திருகாது. பூட்டுத் திறப்பவரை இரவில் கூப்பிட்டால் ஒரு மாத மளிகைக் காசு போய்விடும். மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

பச்சை மிளகாய், வெண்டை, கொத்தமல்லி, பருப்புக்குத் துருக்கிக் கடைகளே போதும். மைபாஹுஃபர் கால்வாய் ஓரத்தில் செவ்வாய், வெள்ளியில் சந்தை கூடும், மாலை முடிவில் காய் மலிவு. மற்றதற்கு ஈழத் தமிழர், இந்தியர் கடைகள் இருக்கின்றன. பிரிட்ஸ் பகுதியில் தமிழர் நடத்தும் மயூரபதி முருகன் கோயில் உண்டு. அங்கே போய் நாலு பேரிடம் தமிழில் பேசிவிட்டு வந்த வாரம், மற்ற வாரங்களைவிட எளிதாகக் கழியும்.

11. வகுப்புகள்

நேர அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து.

வகுப்பில் பெயர் கொடுத்தால் தேர்விலும் பெயர் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கெடு. யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். முதல் வகுப்பிலேயே கெடு தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பு இருக்கிறது. முதல் செமஸ்டரில் அதை எட்டிப்பிடிக்க ஓடாதீர்கள்.

12. குளிரை விட இருட்டு

குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்ளலாம். சென்னையில் பெரிய விலைக்குக் கோட் வாங்கி வராமல் இங்கேயே வாங்குங்கள். ஃபிராங்க்ஃபுர்டர் டோரில் உள்ள ஹுமானா பழைய துணிக் கடை பல மாடிகளில் இருக்கிறது, நல்ல கோட் கிடைக்கும். காலணியை மட்டும் புதிதாக, ஈரம் இறங்காததாக வாங்குங்கள்.

இருட்டுதான் புதியவர்கள் எதிர்பார்க்காதது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். டிசம்பர் நடுவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதிய வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இரவு. தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல், "இந்த ஊரே எனக்கு ஒத்துவராது" என்று நினைப்பு ஓடும். அந்த வாரங்களில் படிப்பை விடுவது, ஊர் மாறுவது போன்ற முடிவுகளை எடுக்க வேண்டாம். மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம் நடங்கள், வாரத்தில் ஒரு நாளாவது யாருடனாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாணவர் நலச் சங்கமான ஸ்டூடியரெண்டன்வெர்க்கில் மனநல ஆலோசனை இருக்கிறது, மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே போவதால் உங்கள் விசாவுக்கோ மதிப்பெண்ணுக்கோ எதுவும் ஆகாது. இரவிலோ வார இறுதியிலோ உடம்புக்கு முடியாமல் போனால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.